அட்சயாவின் ஊசியும் நூற்று நாற்பது கண்ணாடிகளும்

கஜனிக்கு வாய் ஓயாது. கனடாவில், ஸ்காபரோவின் வடக்கெல்லையில் பாணும் கேக்கும் சுடும் ஒரு தொழிற்சாலையில், இனிப்புப் பணிஸ் பொதி செய்யும் வரிசையில் அவளுக்கு வேலை. எட்டு மணித்தியாலமும் கைகள் பைக்குள் பணிஸைத் தள்ளும், வாய் உலகத்துக் கதையெல்லாம் தள்ளும். யாருடைய மகளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் கிடைத்தது, விட்பியில் புதுவீடு வாங்கியது யார், எந்தக் கடை மட்டன் ரோலில் உண்மையாகவே மட்டன் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் அவளிடம் கேட்கலாம். ஒரேயொரு விஷயத்துக்கு மட்டும் அந்த வாயில் பூட்டுப் போட்டிருந்தாள். அது அவளுடைய மகள் அட்சயாவின் முழங்கால்.

அட்சயாவுக்கு இப்போது ஒன்பது வயது. ஐந்து வயதில் ஒருநாள் காலை, கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பஞ்சிப்படுகிறாள் என்று நினைத்துக் கஜனி நல்ல ஏச்சு ஏசினாள். அந்த ஏச்சை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு சுடும். போர்வையை இழுத்துப் பார்த்தால் முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மூன்று மாதம் அலைந்த பிறகு, சிறு பிள்ளைகளுக்கு வரும் மூட்டு வாதம் என்று டொக்டர் சொன்னார். இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு ஒருமுறை தொடையில் ஒரு ஊசி போட வேண்டும். ஊசி தொடங்கி நாலாம் மாதம், அட்சயா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்கினாள். "விழப்போறாய், எருமை!" என்று கத்திவிட்டுக் கஜனி குசினிக்குள் போய் அழுதாள். இப்போது பிள்ளை சனிக்கிழமைகளில் பரதநாட்டியம் பழகுகிறது.

இந்த ஊசி விஷயம் அஜக்ஸ் நகரிலுள்ள தங்கள் வீட்டுச் சுவர்களுக்கும் கணவன் துஷாந்துக்கும் மட்டுமே தெரியும் என்று கஜனி நம்பியிருந்தாள். வெளியே சொன்னால், "சின்னப் பிள்ளைக்கு வாதமோ?" என்று சனம் வாயைப் பிளக்கும். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசப் போனால் இந்தக் கதைதான் முதலில் வந்து கதிரை போட்டு உட்காரும். ஒன்பது வயதுப் பிள்ளையின் கலியாணத்துக்கு இப்போதே கவலையா என்று கேட்பீர்கள். பிள்ளை பிறந்த அன்றைக்கே தொடங்கிவிட்டேன் என்பாள் அவள். ஆகவே பிள்ளை நொண்டினால் அது சுளுக்கு. டொக்டரிடம் போக லீவு எடுத்தால் அது பல்லு. கஜனி எடுத்த லீவுக் கணக்குப்படி அட்சயாவின் வாயில் இதுவரை முப்பத்தாறு பல் பிடுங்கியாயிற்று.

ஊசியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். தொழிற்சாலையின் காப்புறுதிதான் அதைக் கொடுத்து வந்தது. அரசாங்கத்துக்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு மருந்துத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது வேறு காப்புறுதி இல்லாத பிள்ளைகளுக்கு. அட்சயாவுக்குத்தான் அம்மாவின் வேலையிடத்துக் காப்புறுதி இருக்கிறதே.

சென்ற மாசி மாதம் அந்தக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. நிர்வாகம் தொழிலாளர்களிடம் விருப்பம் கேட்டு ஒரு படிவம் கொடுத்தது. இரண்டு தெரிவுகள். முதலாவது, எல்லாம் இருந்தபடியே இருக்கும். இரண்டாவது, மூக்குக்கண்ணாடிக்கு இரண்டு மடங்கு பணம் கிடைக்கும், மசாஜுக்கும் கூடக் கிடைக்கும். ஆனால் மருந்துக்கு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை வரும். கஜனி தொலைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அட்சயாவின் ஊசி அந்த எல்லையை மூன்று மாதத்திலேயே தாண்டிவிடும். மிச்ச ஒன்பது மாதத்துக்குப் பிள்ளையின் முழங்காலை என்ன செய்வது?

கண்ணை மூடிக்கொண்டு முதலாவதுக்கு அடையாளம் போட்டிருக்க வேண்டியவள். ஆனால் படிவம் நிரப்பியது சாப்பாட்டறையில், அருள்மலர் அன்ரிக்குப் பக்கத்தில் இருந்து.

அருள்மலர் அன்ரி கேக் பகுதியில் இருபத்தோராண்டு வேலை செய்பவர். அந்தத் தொழிற்சாலையில் ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ச்சனம். அவ்வளவு பேருக்கும் படிவம் என்றால் அன்ரிதான். அவர் தன் தாளை மேசையில் விரித்து வைத்து நிரப்புவார். மற்றவர்கள் எட்டிப் பார்த்து எழுதுவார்கள். பரீட்சை மண்டபத்தில் செய்யத் தடையான காரியம் அங்கே ஒரு ஒழுங்காகவே நடந்து வந்தது.

"ரெண்டாவதைப் போடுங்கோ," என்றார் அன்ரி. "கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒரு கண்ணாடி. முதுகுக்கு மசாஜ். வேறை என்ன வேணும்?"

எல்லாப் பேனைகளும் இரண்டாவதுக்கு இறங்கின. கஜனியின் பேனை மட்டும் முதலாவதின் மேல் நின்று ஆடியது. அன்ரி அதைக் கண்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை, உங்கடை வீட்டிலை ஆருக்கும் பெரிய வருத்தமோ?"

"சீச்சீ! எங்களுக்கென்ன வருத்தம்?" என்றாள் கஜனி. இரண்டாவதுக்குப் பெரிதாக ஒரு சரி போட்டாள்.

தன் ஒரு வாக்கால் என்ன வந்துவிடப் போகிறது, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மனதைத் தேற்றினாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்தான். இரண்டு கிழமையில் அறிவித்தல் வந்தது: நூற்று நாற்பது படிவங்கள், நூற்று நாற்பதும் இரண்டாவதுக்கு.

கஜனி ஏப்பிரனைக்கூடக் கழற்றாமல் காப்புறுதி விஷயங்களைப் பார்க்கும் றிச்சர்டின் அறைக்கு ஓடினாள். மகளின் வருத்தத்தை அவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். வெள்ளைக்காரரிடம் சொன்னால் அது கலியாணப் பேச்சு வரைக்கும் போகாது என்று ஒரு தைரியம்.

றிச்சர்ட் நல்ல மனிதர். முழுவதையும் கேட்டார். "யாருக்கு என்ன மருந்து என்று காப்புறுதிக்காரர் எனக்குச் சொல்லமாட்டார்கள். சொல்லவும் கூடாது. அதனால்தான் உங்களிடமே கேட்டோம்," என்றார் ஆங்கிலத்தில். பிறகு தயங்கிக் கேட்டார்: "நீங்கள் எதற்கு அடையாளம் போட்டீர்கள்?"

"இரண்டாவதுக்கு."

றிச்சர்ட் பேனையை மேசையில் வைத்தார். ஒருவருக்காக நூற்று முப்பத்தொன்பது பேரின் விருப்பத்தை மாற்ற முடியாது என்றார். ஒரு பத்துக் குடும்பமாவது வந்து தங்களுக்கும் இதே பிரச்சினை என்று சொன்னால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் பத்தாம் திகதிக்கு முன்னர் தலைமையகத்தோடு பேசிப் பார்க்கலாம். கையில் இருந்தது மூன்று கிழமை.

"பத்துக் குடும்பத்துக்கு எங்கையப்பா போறது?" என்று அன்று பின்னேரம் துஷாந்திடம் கேட்டாள்.

"வருத்தக்காரர் இருப்பினம்," என்றான் ட்ரக் ஓட்டும் துஷாந்த். "ஆனா உன்னை மாதிரிப் பல்லுப் பிடுங்கிக்கொண்டெல்லோ இருப்பினம்."

அந்த வார்த்தையில்தான் கஜனிக்கு ஒரு யோசனை பிறந்தது. சாப்பாட்டறையில் அன்ரியின் கண்ணுக்கு முன்னால் ஒருவரும் பெயர் கொடுக்கமாட்டார்கள். வேறோர் இடத்தில், யாரும் பார்க்காமல் கொடுக்கலாமே? ஒரு பிளாசாவுக்குப் பின்பக்கம், முன்பு கம்பளக் களஞ்சியமாக இருந்த கட்டிடத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. தொழிற்சாலைச் சனத்தில் முக்கால்வாசி அங்கேதான் போகும். அட்சயாவின் நடன வகுப்பும் அதன் நிலக்கீழ் மண்டபத்தில்தான்.

சனிக்கிழமை காலை கஜனி மூன்று தாள்களை அட்டையில் செருகிக்கொண்டு போனாள். மேலே கொட்டை எழுத்தில், "வருத்தமுள்ள பிள்ளைகளுக்காக. பெயர்களை இங்கே எழுதவும்" என்று எழுதியிருந்தாள். கீழே சின்ன எழுத்தில் காப்புறுதி விளக்கம் இருந்தது. பேனையை நூலில் கட்டி, முன்வாசல் மேசையில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு இறங்கினாள். அந்த மேசையில்தான் அர்ச்சனைச் சீட்டும் விற்பார்கள் என்பதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து மேலே வந்தால், மூன்று தாளும் இரண்டு பக்கமும் நிறைந்து, நாலாவதாக ஒரு பூசைக் கலண்டரின் பின்பக்கமும் பாதி நிறைந்திருந்தது. கஜனிக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. எடுத்து வாசித்தாள்.

"ராகுலன், பூரட்டாதி. சுவாசம்." "சுலக்சன், மிருகசீரிடம். கணித பாடம்." "ஜெகதீபன், ஆயிலியம், வயது முப்பத்தாறு. கலியாணத்துக்குச் சம்மதிக்க வேணும்."

அவள் தலையைத் தூக்கினாள். சீட்டுக் கொடுக்கும் கல்யாணசுந்தரம் முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றார்.

"அண்ணை, உது அர்ச்சனைக்கு வைச்ச தாள் இல்லை!"

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? கோயில் மேசையிலை பேர் எழுதுற தாள் வைச்சால் சனம் வேறை என்னெண்டு நினைக்கும்? நான்தான் எல்லாரையும் கூப்பிட்டு, பிள்ளையளுக்கு விசேச பூசை, காசு இல்லை, நட்சத்திரத்தையும் வருத்தத்தையும் போடுங்கோ எண்டு சொன்னனான். உமக்கு எவ்வளவு உதவி செய்திருக்கிறன் பாரும்."

கஜனிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நூற்றுப் பதினேழு பெயர்கள். ஒரு கையெழுத்துக்கூட றிச்சர்டிடம் கொண்டுபோக உதவாது. ஆனால் தாளை மடிக்கப் போனவளின் கண் ஒரு வரியில் தடக்கி நின்றது. "மிதுனன், கேட்டை. குடல் வருத்தம், நாலு வருசம்." குண்டு குண்டான அந்த எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அந்த எழுத்தைப் பார்த்துத்தானே அவளும் படிவம் நிரப்பினாள். அருள்மலர் அன்ரியின் கடைசி மகன் மிதுனன்.

அதற்குப் பிறகு மற்ற வரிகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. பாண் சுடும் போறணையில் வேலை செய்யும் இராஜரட்ணத்தின் மகன்தான் அந்த ராகுலன். அவளுடைய சுப்பர்வைசர், தமிழ்நாட்டுக்காரரான செந்தில்நாதனின் மகள் அபர்ணாவுக்கு நேரே, "வலிப்பு" என்று பொடி எழுத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தாள், தொழிற்சாலைக் குடும்பங்கள் மட்டும் ஒன்பது. பக்கத்து வீட்டுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லாததை எல்லாரும் பிள்ளையாருக்குச் சொல்லியிருந்தார்கள்.

இந்தத் தாள்களை அப்படியே றிச்சர்டிடம் கொண்டுபோனால் என்ன என்று ஒரு நினைவு வரத்தான் செய்தது. அட்சயாவின் முழங்காலை நினைத்தால் கை துருதுருத்தது. ஆனால் அது அவளுக்கு எழுதிக் கொடுத்ததல்ல. நூற்றுப் பதினேழு பேரின் நேர்த்தியை இடையில் மறித்து வைத்திருக்கவும் பயமாக இருந்தது. ஐயரிடம் போய்க் காசைக் கட்டி, எல்லாப் பெயருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னாள். முப்பத்தாறு வயது ஜெகதீபனுக்கும் சேர்த்துத்தான். ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் வாசித்தார். அதற்கே முக்கால் மணித்தியாலம் போனது. பூசை முடிந்ததும் தாள்களைக் கிழித்து அடுப்பில் போடச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு பெயரையும் வெளியே சொல்ல முடியாது. சொல்லக்கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஞாயிறு முழுக்க அதை யோசித்து யோசித்துக் கறிக்கு உப்பை இரண்டு தரம் போட்டாள்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டறையில் எல்லாரும் சோற்றுப்பெட்டியைத் திறந்த நேரம் கஜனி எழுந்து நின்றாள். கதைக்கத் தெரிந்தவளுக்குக் கதை வரவில்லை.

"நான் ஒண்டு சொல்லவேணும். என்ரை அட்சயாவுக்கு மூட்டு வாதம். நாலு வருசமா ஊசி போடுறம். புது இன்சூரன்ஸ் வந்தால் மூண்டு மாசத்துக்குப் பிறகு ஊசி இல்லை. ஊசி இல்லாட்டி என்ரை பிள்ளை நடக்காது. நான் எடுத்த லீவெல்லாம் பல்லுக்கில்லை."

எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"அப்ப நீ எதுக்குப் போட்டனி?" என்றார் அருள்மலர் அன்ரி.

"ரெண்டாவதுக்கு."

"விசரோ உனக்கு? பெத்த பிள்ளைக்கு ஊசி வேணுமெண்டால் என்னத்துக்கு ரெண்டாவதுக்குப் போட்டனி?"

"நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள் அன்ரி!"

மேசை முழுக்கச் சிரித்தது. கஜனியும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. சோற்றுப்பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். கஜனி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ரை மிதுனனுக்குக் குடலிலை வருத்தம்," என்றார் அன்ரி, சோற்றுப்பெட்டியைப் பார்த்தபடி. "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரியிலை மருந்து ஏத்துறம். பெடியன் சாப்பிடமாட்டான் எண்டு எல்லாருக்கும் சொல்லிவைச்சிருக்கிறன். அவன் சாப்பிட ஆசைப்படுற பிள்ளை."

"அப்ப நீங்கள் ஏன் அன்ரி ரெண்டாவதுக்கு?"

"நான் முதலாவதுக்குப் போட்டால் நீங்கள் எல்லாரும் ஏனெண்டு கேப்பியளே!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி மேசையிலிருந்து இராஜரட்ணம் எழுந்தார். மகனுக்கு மூச்சு இழுப்பு, அஜக்ஸில் ஒரு கிளினிக்கில் மாதாமாதம் ஊசி என்றார். அவரோடு ஆறு வருடமாக ஒரே காரில் அஜக்ஸிலிருந்து வரும் குணவதி வாயில் கை வைத்தாள்.

"அந்தக் கிளினிக்குக்கோ போறனீங்கள்? செவ்வாய்க்கிழமையோ?"

"ஓம். ஏன்?"

"நாங்கள் எங்கடை பிள்ளையோடை வியாழக்கிழமை, அண்ணை. ஒருநாள் உங்கடை காரை அந்த வாசலிலை கண்டனான், நீங்கள் எங்களைக் கண்டிடுவியள் எண்டுதான் செவ்வாயை மாத்தினனான்."

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லச் செந்தில்நாதன் கையில் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். வாசலிலேயே நின்றார். "எம் பொண்ணு அபர்ணாவுக்கு ஃபிட்ஸ் வருங்க," என்றார் மெதுவாக. "மருந்து எடுத்தா வராது. ஊர்ல எங்க அம்மாவுக்கே இன்னும் சொல்லல." பிறகு கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, "நீங்க பேசுங்க," என்று கதிரையை இழுத்துப் போட்டார். அன்று பணிஸ் வரிசை இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியது.

தன்னைத் தவிர ஒன்பது என்று கஜனி எண்ணியிருந்தாள். பதின்மூன்று வந்தது. பிள்ளையாருக்கும் சொல்லாத நாலு பேர் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் கஜனியோடு அந்தப் பதின்மூன்று பேரும் றிச்சர்டின் அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னுக்கு அருள்மலர் அன்ரி. அவருடைய ஆங்கிலம் அளவானது. தேவைக்கு மிஞ்சி ஒரு சொல்லும் இராது. "மிஸ்டர் றிச்சர்ட், ஐ டிக். தே கொப்பி. ஆல் மை மிஸ்டேக். கிவ் நியூ ஃபோம்." பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். குணவதி சொல்லும்போது அழுதாள். இராஜரட்ணம் அவளுக்குப் பதிலாக மிச்சத்தைச் சொன்னார். றிச்சர்ட் இரண்டு பக்கம் குறிப்பு எழுதினார். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று அவர் சொன்னபோது, "நோ, நோ. ரைட் மிதுனன்," என்றார் அன்ரி.

புதுப் படிவம் வந்தது. இம்முறை அன்ரி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, தாளைக் கையால் மறைத்து நிரப்பினார். எட்டிப் பார்த்தவர்களை, "உங்கடை தாளைப் பாருங்கோ!" என்று விரட்டினார். நூற்று இருபத்தெட்டுப் பேர் முதலாவதுக்குப் போட்டார்கள். மிச்சப் பன்னிரண்டு பேருக்குக் கண்ணாடி தேவைதானாக்கும். யாரும் யார் என்று விசாரிக்கவில்லை.

தலைமையகத்திலிருந்து பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் கஜனி வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வரிசையில் நின்றவர்கள் காதில் ஏதோ அடைத்துவிட்டது போல இருக்கிறது என்றார்கள். எட்டாம் திகதி றிச்சர்ட் தானே பணிஸ் வரிசைக்கு நடந்து வந்தார். மருந்துக்கு எல்லை இல்லை, எல்லாம் இருந்தபடியே என்றார். கஜனி அவரைக் கட்டிப்பிடித்தாள். றிச்சர்டின் கறுப்புக் கோட்டில் இரண்டு கை மாவும் அப்படியே பதிந்தது.

ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. சனிக்கிழமை வகுப்பு முடிந்து காரில் ஏறியதும் கஜனி தொண்டையைச் செருமினாள்.

"அட்சயா, உன்ரை காலைப் பற்றி வேலையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உன்னைக் கேக்காமல் சொன்னது பிழை. கோவிக்காதை அம்மா."

"வெயிட், அது சீக்ரெட்டா?" என்றாள் அட்சயா.

"பின்னை?"

"என்ரை கிளாஸிலை எல்லாருக்கும் தெரியும். கிரேட் டூவிலை, ஒரு சாமானைக் காட்டிக் கதைக்கிற ஷோ அன்ட் டெல்லுக்கு ஊசிப் பெட்டியைக் கொண்டுபோனனான். எல்லாரும் கை தட்டினவை."

"ஆர் உனக்கு அதைத் தந்தது?"

"அப்பா."

துஷாந்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று கஜனி பல்லைக் கடித்தாள். காரைக் கிளப்பினாள்.

"அப்ப இனி விட்பி மாமிக்கும் சொல்லலாமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் பிள்ளை. "ஒவ்வொருக்காலும் ஃபோனிலை, சுளுக்கு மாறிட்டுதோ எண்டு கேப்பா. நான் ஓம், ஓம் எண்டு பொய் சொல்லுவன். எனக்கு அது விருப்பமே இல்லை அம்மா. ஊசியைவிட அதுதான் நோகும்."

கஜனி திறப்பைத் திருப்பிக் காரை நிறுத்தினாள். இவ்வளவு நாளும் பிள்ளைக்காக மறைத்தேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நாலு வருடமாகப் பிள்ளைதான் அம்மாவுக்காக மறைத்திருக்கிறது. அழுதால் பிள்ளை பயப்படும். தொலைபேசியை எடுத்து, துஷாந்தின் சகோதரியான விட்பி மச்சாளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, கையைப் பின்னுக்கு நீட்டிப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"நீயே சொல்லு."

"ஹலோ மாமி," என்றாள் அட்சயா உரத்த குரலில். "எனக்குச் சுளுக்கே வரேல்லை!"